ஊதா சாயும் நீல மை: அசாகாவோவை நம் ஊர்த் தாள்களில் எழுதிப் பார்த்தேன்

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

பைலட் நிறுவனம் 2007இல் தொடங்கிய இரோஷிசுக்கு வரிசையில் அசாகாவோ என்று ஒரு மை உண்டு. ஜப்பானிய மொழியில் அது ஒரு கொடிப்பூவின் பெயர். 50 மில்லி கண்ணாடிப் புட்டி. அடியில் ஒரு சிறு குழி வைத்திருக்கிறார்கள், மை தீரும் நேரத்திலும் நிப்பு தோய்வதற்காக. இந்த மையைப் பற்றி இணையத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஜப்பானியத் தாளிலோ பிரெஞ்சு நோட்டிலோ எழுதிப் பார்த்தவர்கள். அந்தத் தாள்கள் எங்கள் ஊர் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைப்பதில்லை. இங்கே கிடைக்கிற தாள்களில், இந்த ஐப்பசி ஈரத்தில், மை எப்படி நடந்துகொள்கிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் நிறம். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் இருப்பதாகச் சொல்லப்படும் மைகளில் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுகிறது. வாட்டர்மேன் செரினிட்டி நீலத்தில் ஊதா லேசாகத் தலைகாட்டும். ஆனால் அது நீலம்தான். இதே இரோஷிசுக்கு வரிசையின் முராசாகி ஷிகிபு தெளிவான ஊதா. அதில் நீலத்தைத் தேட வேண்டும். அசாகாவோவில் இரண்டும் இருக்கின்றன. மெல்லிய கோட்டில் அடர்ந்த நீலம். மை தேங்கும் இடங்களில் ஊதா மேலெழுகிறது. ணகரத்தின் சுழிகள், ழகரத்தின் வால், ஐகாரக் கொம்பு, 'கூ' எழுதும்போது கீழே வளைந்து திரும்பும் கோடு ஆகிய இடங்களில் பேனா வேகம் குறைந்து திரும்புகிறது, மை கூடுதலாக இறங்குகிறது, நிறம் மாறுகிறது. ஒரே சொல்லுக்குள் இரண்டு நிறம். ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தேன். இத்தனை மாற்றம் இல்லை. சுழித்து எழுதும் மொழிக்காரர்கள் இந்த மையை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பேனாக்கள் இரண்டு. ஒன்று பைலட் மெட்ரோபாலிட்டன், எஃப் (மெல்லிய) நிப்பு. ஜப்பானிய எஃப் என்பதால் மற்ற நாட்டு எஃப் நிப்பைவிட மெலிந்த கோடு. மற்றொன்று திருவள்ளூரில் கடைந்த எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா, எம் (நடுத்தர) நிப்பு, ஃபில்லரால் மை ஊற்றுவது. மெலிந்த நிப்பில் எழுதினால் இது நல்ல நீல மை, அவ்வளவுதான். எம் நிப்பில்தான் ஊதாவைப் பார்க்கிறோம்.

தாள்கள். டிஎன்பிஎல் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளில் எழுத்தின் ஓரம் சுத்தமாக இருந்தது. எம் நிப்பிலும் மறுபக்கம் ஊறவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் லாங் சைஸ் நோட்டில் ஏமாற்றம். மை உடனே தாளுக்குள் இறங்கிவிடுகிறது; ஊதா அடங்கி, ஒரே சீரான மங்கிய நீலமாகிவிடுகிறது; மறுபக்கத்தில் புள்ளி புள்ளியாக வருகிறது. அஞ்சலட்டையில் எம் நிப்பு வேண்டவே வேண்டாம், எழுத்து இழை இழையாகப் பரவுகிறது. நெல் மண்டிகளில் கணக்கெழுதப் பயன்படுத்தும் கெட்டி அட்டைப் பேரேட்டில்தான் இந்த மை முழு அழகையும் காட்டியது. அந்தத் தாளில் பசை நன்றாக ஏறியிருக்கிறது. மை மேற்பரப்பிலேயே நின்று காய்கிறது. சாய்த்துப் பிடித்தால் அடர்ந்த இடங்களில் செம்பு நிறப் பளபளப்பு. காய்வதற்கு நேரம் எடுக்கிறது, இந்த மழைக்காலத்தில் இன்னும் அதிகம். இடதுகைக்காரர்கள் ஒற்றுத்தாள் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்த் தாள்களில் எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குடவாசல் வாசி | குடவாசல்

படங்களில் எனக்கு வெறும் ராயல் நீலமாகத்தான் தெரிகிறது. ஊதா எங்கே இருக்கிறது?

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

கைப்பேசிக் கேமரா ஊதாவை நீலமாக்கிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நிறங்களில்தான் அது அதிகம் தடுமாறுகிறது. நான் எடுத்த படங்கள் எதுவும் கண்ணில் படுவதைக் காட்டவில்லை. படத்தைப் பார்த்து இந்த மையை வாங்காதீர்கள், படத்தைப் பார்த்து வேண்டாம் என்றும் ஒதுக்காதீர்கள். விளக்கும் முக்கியம். பழைய மஞ்சள் குண்டு பல்பின் அடியில் அதே பக்கம் நன்றாக ஊதாவுக்குப் போகிறது; வாசல் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் நீலத்துக்குத் திரும்புகிறது. குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு அதிகம் என்பதால் அப்படி.

உப்பளத்தார் | வேதாரண்யம்

அரசலாற்றங்கரை ஐயாவுக்கு வணக்கம். அழகைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரை கடந்தது. எங்கள் வீட்டில் ஓடுகள் பறந்து, மழை நேராகக் கூடத்துக்குள் இறங்கியது. தாத்தா எழுதிய உப்பளக் கணக்கு நோட்டுகள் மரப்பெட்டியில் இருந்தன. பெட்டிக்குள்ளும் தண்ணீர். பிற்காலத்தில் அவர் ராயல் நீலத்தில் எழுதிய நோட்டுகள் இளநீலத் தாள்களாகிவிட்டன, ஒரு எண்ணைக்கூடப் படிக்க முடியவில்லை. அதற்கு முன்னால் ப்ளூ பிளாக் மையில் எழுதியவை கறுப்பாக, எழுதியபடியே நின்றன. எத்தனை மூட்டை உப்பு, யாருக்கு எவ்வளவு கூலி, எந்த வருஷம் மழை முந்திக்கொண்டு பாத்தியைக் கரைத்தது என்று எல்லாம் அவற்றில் இருக்கிறது. பிந்தைய பதினைந்து இருபது வருஷம் எங்கள் குடும்பத்துக்கு இல்லாமல் போய்விட்டது.

கடலோரத்தில் இருக்கிறவர்கள் ஒரு மையை வாங்குமுன் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

உங்கள் பதிவைப் படித்த உடனே செய்து பார்த்தேன். டிஎன்பிஎல் தாளில் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, பாதிப் பக்கத்தின்மேல் தண்ணீரைச் சொட்டி நிற்கவிட்டு ஒற்றி எடுத்தேன். நிறம் கிளம்பிப் பரவி ஊதாத் திட்டாகிவிட்டது. சில எழுத்துகளின் சாயல் நிற்கிறது. தெரிந்த வாசகமாக இருந்தால் ஊகித்துப் படிக்கலாம், எண்களைப் படிக்க முடியாது. கணக்குக்கும் நாட்குறிப்புக்கும் இந்த மை ஆகாது. உங்கள் தாத்தாவின் நோட்டுகளுக்காக மனம் வருந்துகிறது.

மன்னை வேதியியல் | மன்னார்குடி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் நடத்திய பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பளத்தார் வீட்டில் நடந்ததற்குக் காரணம் இந்த இரண்டு மைகளும் அடிப்படையிலேயே வேறானவை என்பதுதான். ராயல் நீலம், இப்போது பேசுகிற ஊதா நீலம் எல்லாம் சாய மைகள். தண்ணீரில் கரைந்த சாயம் தாளில் இறங்கி, தண்ணீர் ஆவியாகி, சாயம் மட்டும் நாரின்மேல் தங்குகிறது. மறுபடி தண்ணீர் வந்தால் மறுபடி கரைகிறது. பழைய ப்ளூ பிளாக் இரும்பு மை. டானின் அமிலமும் இரும்பு உப்பும் சேர்ந்தது. எழுதும்போது இரும்பு கரையக்கூடிய நிலையில் இருக்கிறது. தாளில் காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் நடந்து, கரையாத கருநிறச் சேர்மமாகிவிடுகிறது. அது நாருக்குள்ளேயே உருவாவதால் தண்ணீர் கொண்டுபோக முடியாது. எழுதியபோது வெளிறியும் மறுநாள் கறுத்தும் தெரிவது இதனால்தான். ஆனால் இன்று ப்ளூ பிளாக் என்று லேபிள் ஒட்டியவை எல்லாம் இரும்பு மை அல்ல. பாதிக்கு மேல் வெறும் சாயம். வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

ஊதாவுக்கு வருகிறேன். மனிதன் ஆலையில் செய்த முதல் செயற்கைச் சாயமே ஊதாதான். 1856இல் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். குவினைன் வரவில்லை, பட்டில் ஏறும் ஊதாச் சாயம் வந்தது. பிறகு வந்த சாயக் குடும்பங்களில் டிரைஅரில்மீத்தேன் குடும்பம் நமக்கெல்லாம் பழக்கமானது. அரசு மருத்துவமனையில் வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஜென்ஷன் வயலெட் அந்தக் குடும்பம். அலுவலக ரப்பர் ஸ்டாம்பின் ஊதா அந்தக் குடும்பம். ராயல் நீல மையின் நீலமும் அந்தக் குடும்பம். நிறம் அள்ளிக்கொண்டு போகும், ஆனால் வெயில் தாங்காது. ஜன்னலோரம் மாட்டிய காகிதத்தில் எழுத்து மெல்ல வெளிறும்.

அசாகாவோவில் எந்தச் சாயங்களைச் சேர்க்கிறார்கள் என்பதை நிறுவனம் சொல்வதில்லை. எனவே அதன் ஆயுளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எழுதி வெயிலில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று. இந்த மைக்குப் பெயர் கொடுத்த பூ ஐபோமியா பேரினத்தைச் சேர்ந்தது. வேதாரண்யம், கோடியக்கரை மணலில் படர்கிற அடும்பும், வாய்க்காலில் மிதக்கிற வள்ளைக்கீரையும், நம் வடிகால் கரைகளை அடைத்துக்கொண்டிருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும், சர்க்கரைவள்ளியும் அதே பேரினம். இந்தப் பேரினத்தில் ஐபோமியா டிரைகலர் என்ற கொடியின் நீலப் பூவை வேதியியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். மொட்டில் சிவந்த ஊதா, விரிந்ததும் தூய நீலம். சாயம் மாறுவதில்லை. இதழின் செல்களுக்குள் பிஎச் அளவு 6.6இலிருந்து 7.7க்கு ஏறுகிறது, அதே சாயம் நீலமாகத் தெரிகிறது. ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடையில் இருக்கும் தூரம் அவ்வளவு சிறியது.

கமலாலயம் | திருவாரூர்

ஐயா, அந்தப் பூச் செய்தியை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நான் கல்லூரி மாணவி. இந்த ஜப்பான் மையின் விலையில் உள்நாட்டு மைப்புட்டிகள் ஒரு டஜனுக்குமேல் வாங்கலாம். உள்நாட்டு ராயல் நீலத்தையும் உள்நாட்டு வயலெட்டையும் கலந்தால் இதே நிறம் வராதா? எந்த அளவில் கலப்பது?

மன்னை வேதியியல் | மன்னார்குடி

வரும் மகளே, நெருங்கி வரும். நான்கு பங்கு நீலத்துக்கு ஒரு பங்கு வயலெட் என்று தொடங்கு. வயலெட் மிகவும் வலுவானது. ஒரு சொட்டு கூடினாலும் நீலம் காணாமல் போய்விடும்.

ஆனால் கலந்ததைக் கையோடு பேனாவில் ஊற்றாதே. நீல மையின் சாயம் பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்டது. வயலெட்டில் இருப்பது ஜென்ஷன் வயலெட் வகையாக இருந்தால் அது நேர்மின்சுமை கொண்டது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடியில் வண்டலாக இறங்கிவிடும். அது நிப்புக்கு அடியிலுள்ள கட்டையின் மெல்லிய வாய்க்கால்களை அடைத்துவிட்டால் பேனாவைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது. சிறிய கண்ணாடிக் குப்பியில் கலந்து, மூடி, ஒரு வாரம் அசைக்காமல் வை. பிறகு சாய்த்துப் பார். அடியில் ஏதாவது ஒட்டியிருந்தால் கொட்டிவிடு.

பத்திரக்கரம் | மயிலாடுதுறை

நான் பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தவன். முத்திரைத்தாளைக் கையாலேயே எழுதிய காலம் அது. எல்லை விவரம் எழுதும்போது கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே வாய்க்கால் என்று ஒரு வரி தப்பினால் மூன்று தலைமுறைக்கு வழக்கு நடக்கும். அந்த வரி மங்கினாலும் அதே கதிதான். ஆகவே என் கருத்து கடுமையாகத்தான் இருக்கும். தண்ணீரில் போகிற, வெயிலில் வெளுக்கிற மையை விலை கொடுத்து வாங்கி அழகு பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. எழுத்து என்றால் நிற்க வேண்டும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துக்குப் போய் ஓலைச்சுவடிகளைப் பாருங்கள். எழுத்தாணியால் கீறி, மேலே கரியைத் தடவித் துடைத்திருக்கிறார்கள். கரி வெளுப்பதில்லை, கரைவதில்லை. நம் முன்னோர் எழுதும்போதே பேரனை நினைத்துக்கொண்டு எழுதினார்கள். இவ்வளவு பெரிய நூலகம் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

ஐயாற்றுத் தமிழாசிரியை | திருவையாறு

பத்திரக்கரம் ஐயா, நீங்கள் சொல்வது பத்திரத்துக்கு முழு உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிற எல்லாமே பத்திரம் அல்லவே. நான் தினமும் வகுப்புக்கு முன்னால் பாடக்குறிப்பு எழுதுகிறேன். அது அந்த வாரத்துக்குப் போதும். தங்கைக்குக் கடிதம் எழுதுகிறேன். அவள் படித்து, பதில் எழுதி, பத்திரமாக வைத்தால் வைப்பாள். யாப்பு நடத்தும்போது அசை பிரித்துக் காட்ட நேரசைக்கு ஒரு நிறம், நிரையசைக்கு ஒரு நிறம் எழுதுவேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது. பால்பாயிண்ட் பேனா வந்த பிறகு கையெழுத்தே விரும்பாத ஒரு தலைமுறை வந்துவிட்டது. ஒரு நல்ல நிறம் கிடைத்தால் பேனாவை எடுக்கிறார்கள், எடுத்தால் ஒரு பக்கம் எழுதுகிறார்கள், எழுதினால் கை பழகுகிறது. இதை நான் வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன். ஊதா நீலத்தில் ஒரு வெண்பாவை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மறுநாளே அதேபோல எழுதித் தருகிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது.

நம் ஊர்க் கணித மேதை ராமானுஜனின் முதல் நோட்டு பச்சை மையில் எழுதப்பட்டது. பச்சையில் எழுதினார் என்பதால் அந்தச் சூத்திரங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

பத்திரக்கரம் | மயிலாடுதுறை

அம்மா, ராமானுஜன் நோட்டு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அந்தப் பச்சை நின்றது. நான் கேட்பதும் அதைத்தான். எந்த நிறமாகவும் இருக்கட்டும், நிற்கட்டும்.

கலம்காரித் தெரு | சிக்கல்நாயக்கன்பேட்டை

நிற்கிற நிறம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் பகுதியின் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து உலர்த்துவார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கவைத்த சாறு வேறாக இருக்கும். அந்தச் சாற்றை எழுதுகோலில் தொட்டுக் கோடு இழுத்தால், கடுக்காய் ஏறிய துணியில் அது கறுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு துணியை ஆற்றில் அலசினாலும் கோடு போவதில்லை. மன்னை ஐயா சொன்ன இரும்பு மையும் எங்கள் கடுக்காய்க் கறுப்பும் ஒன்றேதானே?

மன்னை வேதியியல் | மன்னார்குடி

ஒன்றேதான். கடுக்காயில் டானின் நிறைய இருக்கிறது. ஐரோப்பியர்கள் ஓக் மரத்தின் குமிழிலிருந்து எடுத்ததை நாம் கடுக்காயிலிருந்து எடுத்தோம். அவர்கள் சேர்த்ததும் அன்னபேதி என்ற இரும்பு உப்பு, நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைப்பதும் அதே அன்னபேதி. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கரிய மை. இதைத் தொட்டெழுதும் பேனாவால் எழுதலாம். வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றக் கூடாது. அதன் அமிலமும் வண்டலும் எஃகு நிப்பை அரித்து, மை வரும் வழியை அடைத்துவிடும்.

இப்போது பத்திரக்கரம் ஐயாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பதில் உண்டு. ஜெர்மனியின் ரோரர் அண்ட் கிளிங்னர் நிறுவனம் ஃபவுண்டன் பேனாவுக்கென்றே மென்மையாகச் செய்த இரும்பு மைகள் இரண்டை விற்கிறது. சாலிக்ஸ் நீலம், ஸ்காபியோசா ஊதா. பிளாட்டினம் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கிளாசிக் வரிசையும் இரும்பு மைதான்; அதில் லாவெண்டர் பிளாக் இருக்கிறது. இவை அசாகாவோ அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. காயக் காயக் கறுத்து அடங்கும். ஊதாவின் சாயல் நிற்கும், தண்ணீரில் கருங்கோடு நிற்கும். இந்த மைகளைப் பேனாவில் மாதக்கணக்கில் உலரவிடாமல் கழுவிக்கொண்டிருந்தால் போதும்.

உப்பளத்தார் | வேதாரண்யம்

நன்றி ஐயா. ஸ்காபியோசாவைக் குறித்துக்கொண்டேன். இந்த வருஷக் கணக்கு நோட்டை அதில் எழுதுகிறேன்.

கழுவுவதைப் பற்றி ஒரு சந்தேகம். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் பேனாவைக் கழுவிக் காயவைத்தால் கட்டையின் மேல் வெள்ளையாகப் படிகிறது. என்ன செய்வது?

பட்டுக்கோட்டை எபோனைட் | பட்டுக்கோட்டை

உப்புத் தண்ணீரிலும் கடின நீரிலும் பேனாவைக் கழுவவே கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எல்லா மெக்கானிக் கடையிலும் கிடைக்கிறது. சாதாரணத் தண்ணீரில் முதல் அலசு அலசினாலும் கடைசி அலசு அதில் இருக்க வேண்டும். இப்போது மழைக்காலம், சுத்தமான பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழைநீரும் போதும். ஏற்கெனவே படிந்த வெள்ளைக்கு, நிப்பையும் கட்டையையும் டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரவு ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். வெந்நீர் வேண்டாம், எபோனைட் நிறம் மங்கி வெளிறிவிடும்.

எபோனைட் பேனாவில் அசாகாவோ ஊற்றுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இது தாராளமாக இறங்குகிற மை. ஃபில்லரால் ஊற்றும் பேனாவில் மை கால் பங்குக்குக் கீழே போனதும் மீதி இடம் முழுக்கக் காற்று. சித்திரை வெயிலில் கைச்சூடு ஏறினால் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும், பக்கத்தில் ஒரு பெரிய சொட்டு விழும். எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்துகிறது. அதனால் உலோகப் பேனாவைவிடப் பரவாயில்லை, முழுத் தீர்வு இல்லை. பாதிக்கு வந்ததுமே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஈரத்தில் மைப்புட்டிக்குள் பூஞ்சை பிடிப்பதும் உண்டு. எழுதிய பேனாவை நேராகப் புட்டிக்குள் விடாதீர்கள். தேவையானதைச் சிறு குப்பியில் எடுத்து, அதிலிருந்து நிரப்புங்கள். மேலே நூல்போல ஏதாவது மிதந்தாலோ வழக்கமில்லாத வாடை வந்தாலோ அந்தப் புட்டி முடிந்தது. வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று நினைக்கக் கூடாது, பேனாவுக்குள்ளும் போய்விடும்.

குடவாசல் வாசி | குடவாசல்

தேர்வில் இந்த நிறத்தில் எழுதலாமா? என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அசாகாவோ வாங்கித் தரச் சொல்கிறான்.

ஐயாற்றுத் தமிழாசிரியை | திருவையாறு

வேண்டாம் தம்பி. பொதுத்தேர்வுக்கு நீலம் அல்லது கறுப்பு என்பதுதான் விதி. எழுதும்போது நீலம்தான் என்று நமக்குத் தோன்றலாம், திருத்துகிறவர் கண்ணில் ஊதாவாகப் பட்டால் பிள்ளைக்குத்தான் சங்கடம். விடைத்தாளில் இது எவ்வளவு ஊறும் என்பதும் முன்கூட்டியே தெரியாது. தேர்வு முடியும்வரை ராயல் நீலமே இருக்கட்டும். வீட்டில் எழுதிப் பழக இந்த மையை வாங்கிக் கொடுங்கள். எம் நிப்பு, நிதானமான வேகம். அந்தப் பேனாவைத் தேர்வறைக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

தாளைப் பற்றித் தனிமடலில் சிலர் கேட்டிருக்கிறார்கள். டிஎன்பிஎல் தாள் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு செய்யப்படுகிறது. 1979இல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம். பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலையும் இருக்கிறது. இரண்டுமே காவிரியை ஒட்டிய ஊர்கள். ஆகவே நல்ல தாளுக்கு நாம் ஜப்பானைப் பார்க்க வேண்டியதில்லை. ஏ4 தாளை ஒரு ரீம் வாங்கி, அச்சகத்தில் பாதியாக வெட்டி, கோடு போடாமல் தைத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எந்த நோட்டையும்விட மைக்கு அது நன்றாக ஒத்துழைக்கிறது. மழைக்காலத்தில் ரீமைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். ஈரம் குடித்த தாளில் எந்த மையும் பரவும்.

கமலாலயம் | திருவாரூர்

மன்னை ஐயா, கலந்து பார்த்தேன். இரண்டு நிறுவனங்களின் வயலெட் கிடைத்தது. நீலம் ஒன்றே. ஒரு குப்பியில் நீங்கள் சொன்னபடியே அடியில் கருநீல வண்டல் இறங்கிவிட்டது, கொட்டிவிட்டேன். இன்னொரு குப்பி தெளிவாக இருக்கிறது. வடிதாளின் நடுவில் அதிலிருந்து ஒரு சொட்டு வைத்து, மேலே தண்ணீர் சொட்டினேன். நீலம் ஒரு வளையமாகவும் ஊதா இன்னொரு வளையமாகவும் பிரிந்து நின்றது. நான்குக்கு ஒன்று எனக்கு ஊதா அதிகமாகப் பட்டது. ஆறுக்கு ஒன்றில் அரசலாற்றங்கரை அண்ணன் சொன்ன நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அசாகாவோவை நேரில் பார்த்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மன்னை வேதியியல் | மன்னார்குடி

அருமை. வண்டல் இறங்கிய வயலெட்டை வேறு எந்த நீலத்தோடும் கலக்காதே, தனியாக எழுதிக்கொள். தெளிவாக இருக்கும் குப்பியை முதலில் மலிவான பேனாவில் ஊற்றி ஒரு மாதம் எழுது. இடையில் மை வரத்து குறைந்தால் உடனே கழுவிவிடு.

வெயில் சோதனையையும் செய். ஒரே தாளில் உன் கலவை, ராயல் நீலம், வயலெட் மூன்றையும் எழுதி, நீளவாக்கில் பாதியை வெட்டி எடுத்து இருட்டில் வை. மற்றப் பாதியைத் தெற்கு ஜன்னலில் ஒட்டு. எது முதலில் வெளிறுகிறது என்று குறித்து வா.

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

தங்கைக்கு 2 மில்லி அசாகாவோ குப்பியில் அடைத்து அனுப்புகிறேன், நேரில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள், பொதுவில் எழுத வேண்டாம். மூடியைச் சுற்றி டெஃப்லான் டேப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் இட்டு அனுப்பினால் அஞ்சலில் கசிவதில்லை.

வெயில் சோதனையை நானும் தொடங்குகிறேன். அசாகாவோ, செரினிட்டி நீலம், முராசாகி ஷிகிபு மூன்றும் ஒரே டிஎன்பிஎல் தாளில். இந்த மழை விட்டு, தை பிறந்த பிறகுதான் இங்கே ஒழுங்கான வெயில் வரும். அப்போது இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்து இதே இழையில் எழுதுகிறேன். உப்பளத்தார் ஐயா, ஸ்காபியோசா வந்ததும் அதையும் உங்கள் ஜன்னலில் ஒட்டினால் இரும்பு மையின் கணக்கும் சேர்ந்துவிடும்.

உப்பளத்தார் | வேதாரண்யம்

ஒட்டுகிறேன். இங்கே வெயிலோடு உப்புக்காற்றும் சேர்ந்து அடிக்கும். இரண்டு தாளாக ஒட்டி, ஒன்றைக் கண்ணாடிக்கு உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைக்கிறேன்.